கேப் முனையைச் சுற்றிப் போகும் மகனுக்கு

நாகப்பட்டினம்
ஜூலை 2024

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் மாத்திரையை மட்டும் மாற்றியிருக்கிறார்.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "செங்கடல் பக்கம் போகவே வேண்டாம்னுட்டாங்கப்பா, இந்தத் தடவையும் கேப்பைச் சுத்தித்தான்" என்று எழுதியிருந்தாய். கீழே இன்னொரு சேதி. அருண் பிளஸ் டூ முடித்ததும் மெரைன் படிக்கணும் என்கிறானாம், தாத்தா சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் ஆசை வந்ததாம், நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டிருந்தாய். அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. மோர்ஸ் சாவியில் ஓடிய விரல் இந்தக் கண்ணாடியில் தடுமாறுகிறது. காகிதத்தில் எழுதி, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். உன் வாட்ச் டியூட்டி முடிந்து நிதானமாகப் படி.

முதலில் கேப், ஆப்பிரிக்காவின் தென்கோடி முனை. நான் 1968-ல் கப்பல் ஏறியபோது செங்கடலோடு சேரும் சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்தது. 1967 ஜூனில் போர் வந்து அடைத்தது, 1975 ஜூனில்தான் திறந்தார்கள். நடுவில் 14 கப்பல்கள் கால்வாய்க்குள்ளேயே, கிரேட் பிட்டர் ஏரியில், வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கப்பல்காரர்கள் சும்மா இருக்க முடியாமல் சங்கம் வைத்து, கையால் தபால்தலை செய்து விளையாடினார்கள் என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் பேச்சு. எங்களுக்கு சூயஸ் என்பது சீனியர்கள் சொல்லும் கதை, அவ்வளவுதான். பம்பாயிலிருந்து லண்டன் சூயஸ் வழியாக ஆறாயிரத்துச் சொச்சம் கடல் மைல். கேப் வழியாகப் பத்தாயிரத்தைத் தாண்டும். எங்கள் கப்பல் மணிக்குப் பதினாலு கடல் மைல் ஓடினால் பெரிய விஷயம், ஆகவே அந்தச் சுற்று மட்டும் பன்னிரண்டு பதின்மூன்று நாள் தின்றுவிடும். இந்தியா 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியிருந்ததால் நம் கொடிக் கப்பல் கேப் டவுனுக்குள் போகாது. டேபிள் மலையைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே கடப்போம். ஆடி மாதத்தில் அங்கே குளிர்காலம், தென்மேற்கிலிருந்து வரும் அலை ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். உன் கப்பலுக்கு அது உறைக்காது. எங்களுடையதில் சமையல்கார பண்டாரி அடுப்பில் சட்டியைக் கம்பி வைத்துக் கட்டித்தான் பருப்பு வேக வைப்பான்.

கப்பல் ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. ரஜுலா கப்பல்தான். நம் ஊருக்கு அப்போது பெரிய கப்பல் வந்து கட்டும் ஆழம் கிடையாது, இப்போதும் கிடையாது. கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பெரியப்பா பினாங்கில் கடையில் இருந்தார். அவரை வழியனுப்பப் போவோம். படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோவார்கள், தகரப் பெட்டி, பாய்ச் சுருட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றோடும். வெங்காய மூட்டைகள் தனிப் படகில் போகும். தூரத்தில் அந்தக் கறுப்புப் புகைபோக்கி, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். மெட்ராஸ், நாகை, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று அதே வழியில் 1973 வரைக்கும் ஓடியது, நடுவில் போருக்குப் போன காலம் தவிர. பெரும்பாலானவர்கள் டெக் பயணிகள். அறை கிடையாது, கட்டில் கிடையாது, பாயை விரித்த இடம்தான் சொந்த இடம். பெரியப்பா அதில் போய்வந்த கதையை ராஜா மாதிரி சொல்வார். பெரியம்மாவிடம் தனியாகக் கேட்டால், ஒரு வாரமும் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன் என்பார்.

பி.ஐ. என்று சுருக்கமாகச் சொன்ன பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல் அது. தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கம்பெனி தொடங்கி எதிர்த்து நின்றாரே, அதே கம்பெனி. அவர்களுடைய நல்ல காலத்தில் நூற்றுக்கும் மேல் கப்பல்கள் இருந்தன. மேலே அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், கீழே இஞ்சின் ரூமில் கரி தள்ளியவர்கள் சில்ஹெட்காரர்கள், சாப்பாட்டு மேசையில் கோவாக்காரர்கள், டெக்கில் ரத்னகிரிக்காரர்களும் குஜராத்திகளும். ஒரே வேலைக்கு வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் சின்னப் பங்குதான் நம் ஆட்களுக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புத்தகம் போடுகிறவர்கள் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள்.

நான் சேர்ந்தபோது நம் கம்பெனிகளின் காலம் வந்திருந்தது. சிந்தியா கப்பல்கள் எல்லாம் 'ஜல' என்று தொடங்கும். ஷிப்பிங் கார்ப்பரேஷன் கப்பல்களில் நிறைய 'விஸ்வ' என்று தொடங்கும். அதிகாரிகளும் நாமே. ஆனால் கப்பலின் நடைமுறை மட்டும் பழசேதான். ஆட்களுக்குத் தலைவராக அதே சாரங்கு, கீழே அதே தண்டல், சுக்கானி, கசாப், டோபாஸ் என்ற பழைய பதவிப் பெயர்கள். நான் ரேடியோ ஆபீசர், எனக்கு மார்கோனி சாப் என்று பெயர். அதிகாரிகள் ஸ்பார்க்ஸ் என்பார்கள். என் சொந்தப் பெயரை மாசக்கணக்காக யாரும் கூப்பிடாத கப்பல்கள் உண்டு.

ரேடியோ அறை பிரிட்ஜுக்குப் பின்னால். இரண்டு மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் ஓய்வு, காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை அப்படியே. சுவரில் கிரீன்விச் நேரக் கடிகாரம். அதன் முகத்தில் 15-லிருந்து 18 வரைக்கும், 45-லிருந்து 48 வரைக்கும் சிவப்புக் கோடு தீட்டியிருக்கும். அந்த மும்மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் உலகத்தில் எந்தக் கப்பலும் சாவியைத் தொடக்கூடாது. யாராவது மூழ்கிக்கொண்டிருந்தால் அவன் குரல் கேட்கட்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைப்பது. சிங்கப்பூர் நீரிணையில் இரைச்சல் காதைப் பிய்க்கும், கடிகார முள் சிவப்பில் ஏறியதும் சட்டென்று அடங்கும். இத்தனை நாட்டுக்காரன் ஒரு ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நான் தூங்கும் நேரத்துக்கு ஆட்டோ அலாரம். நாலு நொடி நீளத்தில் பன்னிரண்டு கோடு யாராவது அனுப்பினால் அதுவே புரிந்துகொண்டு என் கட்டிலுக்கு மேலே மணி அடிக்கும். சிக்கல் என்னவென்றால், இடி மின்னலையும் அது சில நேரம் கோடு என்று எண்ணிக்கொள்ளும். வங்காள விரிகுடாவில் மழைக்காலத்தில் எத்தனை ராத்திரி லுங்கியோடு ஓடியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஓடாமல் இருக்கவும் முடியாது.

மற்றபடி வேலை கலவையானது. தட்பவெப்ப அறிக்கை எடுப்பது, செகண்ட் மேட்டுக்குக் குரோனோமீட்டர் சரிபார்க்க நேரக்குறி கொடுப்பது, பேட்டரிக்கு ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்ப்பது, ராடார் கெட்டால் மல்லுக்கட்டுவது, செய்தி தட்டச்சு செய்து மெஸ்ஸில் ஒட்டுவது, கேப்டனின் சம்பளக் கணக்கையும் தட்டச்சு செய்வது. கிரிக்கெட் ஸ்கோரை விட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவு பேர் கேட்பார்கள்.

தந்திகள்தான் வேலையின் கனமான பகுதி. பம்பாய் ரேடியோ, மெட்ராஸ் ரேடியோ என்ற கரை நிலையங்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஒரு பட்டியல் வாசிக்கும், எந்தெந்தக் கப்பலுக்குச் செய்தி காத்திருக்கிறது என்று. நம் கப்பலின் நாலெழுத்து அழைப்புக்குறி வந்தால் கூப்பிட்டு வாங்கணும். கப்பலில் ஐம்பது அறுபது பேர், அத்தனை பேர் வீட்டுச் சேதியும் முதலில் என் காதில்தான் விழும். ரகசியம் காப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால்தான் சான்றிதழே தருவார்கள்.

ஒரு தடவை அட்லாண்டிக்கில், ராத்திரி கடைசி வாட்ச்சில், இஞ்சின் ரூம் கிரீசர் ஒருவருக்குச் செய்தி. ரத்னகிரிக்காரர். அவர் மனைவி இறந்துவிட்டாள். கேப்டனிடம் கொடுத்தேன். அவர் சாரங்கைக் கூப்பிட்டார். சாரங்கு கொஞ்சம் யோசித்துவிட்டு, இப்போது வாட்ச்சில் இருக்கிறான், முடியட்டும், காலைத் தொழுகை முடிந்ததும் நானே சொல்கிறேன் என்றார். காலையில் சொன்னார். பிற்பகல் அந்த மனிதர் என் கதவருகே வந்து, "சாப், உங்களுக்கு ராத்திரியே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் கவனித்தேன், டெக்கில் நான் நடந்தால் ஆட்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் சிரித்தால் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது, முகம் சுண்டினால் யார் வீட்டிலோ இழவு. அதனால் எதையும் காட்டாத ஒரு முகத்தைப் பழகிக்கொண்டேன். நீ பிறந்த செய்தியை நானேதான் எழுத்தெழுத்தாக எடுத்தேன். அதற்கும் வரிசை எண் போட்டு, சொல்லை எண்ணி, நேரம் குறித்துவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். வீட்டுக்கு வந்தாலும் அந்த முகம் போகவில்லை. சின்னப் பையனாக இருக்கும்போது "அப்பாவுக்குக் கோபமா?" என்று நீ அம்மாவிடம் கேட்பாயே, அது கோபம் இல்லை, தொழில்.

சரி, அருணுக்கு நான் சொன்ன கதைகள் வேறு. துறைமுகக் கதைகள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சரக்கெல்லாம் மூட்டையும் பெட்டியும் சிப்பமுமாக வந்த காலம். கல்கத்தா கிடர்பூரில் தேயிலைப் பெட்டியும் சணலும், கொச்சியில் முந்திரி, மிளகு, கயிறு, மெட்ராஸில் தோல். ஒவ்வொன்றையும் வலையில் போட்டு டெரிக்கால் தூக்கி, கீழே ஆட்கள் கையால் அடுக்கணும். தேயிலைக்குப் பக்கத்தில் தோலையோ மிளகையோ வைத்தால் தேயிலை அந்த வாடையை வாங்கிக்கொள்ளும், லண்டனில் ஒருத்தனும் தொடமாட்டான். எந்தச் சரக்கு முதலில் இறங்கணும், எது கனம், எது உடையும் என்று சீஃப் ஆபீசர் ராத்திரி முழுக்கத் தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருப்பார். டாலி கிளார்க் ஒவ்வொரு வலையையும் எண்ணுவார். மழை வந்தால் ஹேட்சை மூடணும், நின்றால் திறக்கணும். இப்படி ஒரு துறைமுகத்தில் பத்து நாள் சாதாரணம், கல்கத்தாவில் அதற்கும் மேலே. நாங்கள் ஊர் சுற்றினோம். ஹாம்பர்க்கில் ரேடியோ சாமான் கடை, ஆன்ட்வெர்ப்பில் மாலுமிகள் கிளப், பக்கத்துக் கப்பல்காரனோடு கால்பந்து, போர்ட் லூயிஸில் கோயிலில் தமிழ்ப் பாட்டு. உனக்கு ரோட்டர்டாம் என்றால் கிரேனும் கேட்டும் மட்டும்தான் என்று போன வருஷம் சொன்னாய். கேட்டபோது பாவமாக இருந்தது.

ஆனால் அதே காலத்தில்தான் 1975-ல் லாகோஸ் இருந்தது. நைஜீரியா அரசு அந்தத் துறைமுகம் தாங்கவே முடியாத அளவுக்கு சிமென்ட் வாங்கிவிட்டது. நாங்கள் போனபோது வெளியே நானூறு கப்பல் நங்கூரத்தில் நிற்கிறது. ராத்திரியில் பார்த்தால் கடலில் ஒரு பட்டணம் விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கும். எங்களிடம் பொதுச் சரக்கு, சிமென்ட் இல்லை, ஆனாலும் வரிசை வரிசைதான். சில கப்பல்களில் சிமென்ட் மூட்டை அடியிலேயே கல்லாகிவிட்டது. தண்ணீர் ரேஷன், காய்கறி இல்லை, ராத்திரியில் கத்தியோடு படகில் ஏறி வருகிறவர்கள். எங்களை மாற்றிவிடும் ரிலீவர் வருகிறார், வருகிறார் என்று கம்பெனியிலிருந்து தந்தி மட்டும் ஒழுங்காக வரும், அதையும் நான்தான் எடுப்பேன். ஒரு வருஷம் என்று சொல்லிக் கூட்டிப்போனவர்கள் அதையும் தாண்டி இழுத்தார்கள். இந்தக் கதையை அருணிடம் சொன்னபோது கொள்ளைக்காரர்களை மட்டும் விரிவாகச் சொன்னேன் போலிருக்கிறது.

அப்புறம் கன்டெய்னர் என்ற பெட்டி வந்தது. 1956-லேயே அமெரிக்காவில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டி ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் கொண்டுபோயிருக்கிறார்கள். நாங்கள் டெக்கில் ரெண்டு மூணு பெட்டி வந்து உட்கார்ந்தபோது தகரக் கொட்டகை என்று கேலி செய்தோம். மெட்ராஸில் 1983-ல் அதற்கென்றே டெர்மினல் வந்தது. சிந்தியா அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தளர்ந்துபோனது. டாலி கிளார்க் போனார், டெரிக் போனது, பத்து நாள் ஒரு நாளானது. சாட்டிலைட் வந்து என் வேலையும் போனது. 1999 பிப்ரவரியோடு கப்பலுக்கு ரேடியோ ஆபீசர் கட்டாயம் இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னாலேயே நான் கரைக்கு வந்துவிட்டேன், உனக்குத்தான் தெரியுமே.

இப்போது அருண் விஷயம். 1977 நவம்பர். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். நான் அரபிக்கடலில், பாரசீக வளைகுடாவை நோக்கி. எங்களுக்கு வேண்டியது பம்பாய் ரேடியோவின் அறிக்கைதான், ஊர் ஆசையில் மெட்ராஸ் ரேடியோவையும் பிடித்துக் கேட்பேன். வங்காள விரிகுடாவில் புயல் என்று வந்தது. ஒவ்வொரு அறிக்கையிலும் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுப்பார்கள். எழுதிக்கொண்டுபோய் சார்ட்டில் வைத்துப் பார்த்தேன். பென்சில் புள்ளிகள் நேராக நம் ஊரை நோக்கி வருகின்றன. செகண்ட் மேட் எட்டிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ரொம்ப தூரம், கவலை இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான், கப்பலுக்குக் கவலை இல்லை.

12-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையைக் கடந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன். கம்பங்கள் விழுந்துகிடந்தன, போய்ச் சேரவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆந்திராவில் இன்னொரு புயல், அங்கே பத்தாயிரம் பேர். அதற்கப்புறம் எல்லா அறிக்கையும் செய்தியும் ஆந்திராவைப் பற்றித்தான், நம் ஊர்ப் பெயரே காதில் விழவில்லை. கப்பலிலேயே முதலில் சேதி தெரிகிறவன் நான்தான், எனக்கு மட்டும் சேதி இல்லை. வாட்ச் பார்த்தேன், பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் பட்டியலில் நம் நாலெழுத்து வந்தது. அனைவரும் நலம், வீடு சேதம், அவ்வளவுதான்.

அம்மாவின் பக்கம் என்ன நடந்தது என்று உனக்கே முழுசாகத் தெரியாது. ஓடு பறந்த ராத்திரி உன் அப்பாயியைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனாள், மறுநாள் தெருவில் என்ன பார்த்தாள், கூரை போடப் பணத்துக்கு என்ன செய்தாள். சம்பளத்திலிருந்து வீட்டுக்குப் போகும் என் அலாட்மென்ட் பணம் அந்த மாதம் வந்து சேரவில்லை. தந்தி என்றாலே சாவு என்று இருந்த காலம், நான் ஆசையாகத் துறைமுகத்திலிருந்து அனுப்பும் 'வந்து சேர்ந்தேன்' தந்தியைக்கூட தபால்காரரிடமிருந்து வாங்கக் கை நடுங்கும் என்று அவளே ஒருநாள் சொல்லி, அனுப்பாதீர்கள், கடிதமே போதும் என்றாள். ஒரே ஒரு தடவை விசாகப்பட்டினத்திலிருந்து ஜப்பான் வரை என்னோடு வந்தாள். இரும்புத் தாது ஏற்றிய கப்பல். எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "பண்டாரிக்கு ரசம் வைக்கக் கத்துக்கொடுத்தேன்" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

அதனால் அருணிடம் நான் போகலாம், போகவேண்டாம் என்று எதுவும் சொல்லப்போவதில்லை. அவன் கேட்டதெல்லாம் என் கதை. காலாண்டு லீவில் ஒரு வாரம் இங்கே அனுப்பிவை. அம்மாவிடம் பேசிவிட்டேன், 77-ஐப் பற்றிச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். முதலில் வேண்டாம் என்றாள், குழந்தையைப் பயமுறுத்துவானேன் என்றாள். கப்பலுக்குப் போகிறேன் என்பவன் குழந்தையா என்றேன். உன் பெண்டாட்டியும் அந்த வாரம் வர முடிந்தால் வரட்டும், அவள் சொல்லவேண்டியதும் இருக்கும். நான் குறுக்கே பேசாமல் இருக்க அந்த நாட்களில் திருவாரூரில் உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுகிறேன். நீ எங்கிருந்தாலும் ஒருநாள் ராத்திரி வீடியோ காலில் வா, நீயும் கேட்கவேண்டியது அது.

பிரஷர் மாத்திரையை வாட்ச் மாறும்போது மறந்துவிடாதே. நெட் கிடைக்கும்போது கேப் அலையை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, எனக்கு.

அன்புடன்,
அப்பா